சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: ஆடி, ஆவணி மாசத்து ஃபுட்பால் கதை

1. "பிரீமியர் லீக் ஆரம்பிக்க ஆகஸ்ட் பாதி ஆயிடும். அது வரைக்கும் எதைப் பார்க்கிறது?" ஜூலை கடைசியில ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ஃபுட்பால் பார்க்கிற பசங்க கிட்ட இருந்து தவறாம வர்ற கேள்வி இது. அதுக்குப் பதில் சொல்ற த்ரெட்தான் இது. நீளம். ஓபி முடிச்சுட்டு, சாப்பிட்டுட்டு, நிதானமா படிங்க.

2. பதிலை முதல்லயே சொல்லிடறேன். நீங்க "மேட்ச் இல்லாத மாசம்"னு சொல்ற இந்த ஜூலை கடைசி முதல் செப்டம்பர் முதல் வாரம் வரைதான், இந்திய ஃபுட்பாலோட மிகப் பெரிய நாட்கள்ல பாதி நடந்து முடிஞ்சிருக்கு. இந்த மாசத்துல பார்க்கிறதுக்கு இப்பவும் நல்ல மேட்ச் இருக்கு. நாமதான் வேற திசையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம்.

3. முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. ஐரோப்பாவுல சீசன் ஏன் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு மே மாசம் முடியுது? காரணம் கிரிக்கெட். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல கோடை கிரிக்கெட்டுக்குச் சொந்தம். குளிர்காலத்துல சும்மா இருக்க வேண்டாம்னு கிரிக்கெட் கிளப்புகளே ஃபுட்பால் டீம் ஆரம்பிச்சாங்க. ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் 1867-ல அப்படித்தான் பிறந்தது. ஆக, இந்த "காலி மாசம்" அவங்க ஊர் வெயிலுக்குப் போட்ட காலண்டர்.

4. நமக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. அவங்க "சம்மர் முடியப் போகுது"னு சொல்றப்போ நம்ம அக்னி நட்சத்திரம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகியிருக்கும். இங்க அது ஆடி. மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் காத்து, எப்பவாவது சாரல். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர் ஓடுற சமயம். மைதானத்துல பந்து உதைக்கிறதுக்கு வருஷத்துலயே தோதான மாசங்கள்ல ஒண்ணு.

5. கல்கத்தாவுலயும் இதே கதைதான். அங்க மழைக்காலம்தான் ஃபுட்பால் காலம். பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகள், அலுவலகங்கள், காலேஜுகள், எல்லாரும் மழைச் சேத்துல ஆடின ஆட்டம் அது. 1893-ல ஆரம்பிச்ச ஐஎஃப்ஏ ஷீல்டு அந்த சீசனோட பெரிய கோப்பை. பல வருஷம் அதை வெள்ளைக்கார டீம்கள்தான் மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போனாங்க.

6. முதல் தேதியைக் குறிச்சுக்கோங்க: 1911 ஜூலை 29. ஐஎஃப்ஏ ஷீல்டு ஃபைனல். ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். இன்னொரு பக்கம் 1889-ல ஆரம்பிச்ச மோகன் பகான். ரெஜிமென்ட் ஆட்கள் கால்ல பூட்ஸ். மோகன் பகான்ல பேக் ஆடின சுதிர் சாட்டர்ஜி ஒருத்தர் கால்ல மட்டும்தான் பூட்ஸ். மத்த 10 பேரும் வெறுங்கால்.

7. முதல் கோல் ரெஜிமென்ட்டுக்கு. கேப்டன் சிப்தாஸ் பாதுரி சமன் பண்ணார். ஆட்டம் முடியப் போற நேரத்துல அபிலாஷ் கோஷ் அடிச்சது ரெண்டாவது கோல். 2-1. அந்தக் கோப்பையை ஜெயிச்ச முதல் இந்திய டீம். மைதானத்துக்குள்ள எட்டிப் பார்க்க முடியாம வெளிய நின்ன ஜனங்களுக்கு பட்டம் பறக்க விட்டு ஸ்கோர் சொன்னாங்களாம். லைவ் ஸ்கோர் ஆப் அன்னைக்கு ஒரு நூல்ல பறந்துட்டு இருந்தது.

8. வெறுங்கால்னு சுலபமா சொல்லிட்டோம். டாக்டரா ஒரு நிமிஷம் அங்க நிக்கிறேன். ஒரு பாதத்துல 26 எலும்பு, 33 மூட்டு. அது மேல ஆணி வெச்ச பூட்ஸ் காலோட ஒரு சிப்பாய் ஏறி மிதிச்சா விரல் எலும்பு நொறுங்கும், நகம் பிஞ்சு வரும். எலும்பு முறிவு கூட ஆறிடும். எனக்குப் பயம் அதுல இல்ல. மண்ணுல இருக்கிற டெட்டனஸ் கிருமியில.

9. டெட்டனஸ் கிருமியோட விதைகள் மண்ணுலயும் குதிரைச் சாணத்துலயும் வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். குதிரை வண்டிகள் ஓடின காலத்து ஊர் அது. டெட்டனஸ் தடுப்பூசி வந்தது 1924-ல. பென்சிலின் கண்டுபிடிச்சது 1928-ல. அதாவது 1911-ல கால்ல ஒரு கிழிசல் வந்தா இன்னைக்கு நாம கேஷுவாலிட்டியில போடுற தடுப்பூசியும் இல்ல, ஆன்டிபயாடிக்கும் இல்ல. அந்த 10 பேர் பந்தயம் வெச்சது வெறும் மானத்தை இல்ல.

10. "அப்போ ஏன் வெறுங்கால்ல ஆடினாங்க?" பூட்ஸ் விலை ஒரு காரணம். பழக்கம் இன்னொரு காரணம். ஆடிப்பூரத்துக்குத் தேர் வடம் பிடிக்கிறவங்களைப் பாருங்க, அத்தனையும் வெறுங்கால்தான். சின்ன வயசுல இருந்து செருப்பில்லாம நடந்த பாதத்துல தோல் தடிச்சிருக்கும், விரல்கள் தனித்தனியா தரையைப் பிடிக்கும். காய்ஞ்ச தரையில பந்து அந்தக் காலுக்குச் சொன்னபடி கேக்கும். மழை பெஞ்சா மட்டும் வழுக்கும். அதனால மழைக்கால மைதானம் பூட்ஸ்காரனுக்குத்தான் சாதகம். அதையும் மீறி ஜெயிச்சதாலதான் ஜூலை 29 இன்னும் "மோகன் பகான் தினம்".

11. ரெண்டாவது தேதி: 1948 ஜூலை 31. நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் கூட ஆகல. லண்டன் ஒலிம்பிக்ஸ். இல்ஃபோர்டுங்கிற இடத்துல கிரிக்கிள்ஃபீல்டு மைதானம். இந்தியா - பிரான்ஸ். சுதந்திர இந்தியாவோட முதல் ஒலிம்பிக் ஃபுட்பால் மேட்ச். பெரும்பாலான ஆட்கள் வெறுங்கால், கணுக்கால்ல பேண்டேஜ் சுத்திக்கிட்டு.

12. பிரான்ஸ் முதல் கோல். 70-ஆவது நிமிஷத்துல சாரங்கபாணி ராமன் சமன் பண்ணார். ஒலிம்பிக்ஸ்ல இந்தியா அடிச்ச முதல் ஃபுட்பால் கோல் அது. 2 பெனால்டி கிடைச்சு, ரெண்டும் வீணாச்சு. கடைசி நிமிஷங்கள்ல பிரான்ஸ் இன்னொண்ணு போட்டு 2-1. தோத்தாலும் கூட்டம் எழுந்து கை தட்டுச்சு. பிரான்ஸை அந்த அளவுக்குத் திணற வெச்ச டீம் அது.

13. அந்த டீமோட கேப்டன் யார் தெரியுமா? டாலிமெரன் ஆவ். இன்னைக்கு நாகாலாந்துல இருக்கிற சாங்கி கிராமத்துல 1918-ல பிறந்தவர். ஒலிம்பிக் தொடக்க விழாவுல இந்தியக் கொடியைத் தூக்கிட்டுப் போனதும் அவர்தான். பூட்ஸ் இல்லாதது பத்தி இங்கிலாந்து நிருபர்கள் கேட்டப்போ "நாங்க ஆடுறது ஃபுட்பால், நீங்க ஆடுறது பூட்பால்"னு அவர் சொன்ன பதிலை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க.

14. என்னை மாதிரி ஆளுங்களுக்கு விஷயம் அதுக்கும் மேல. லண்டன்ல கொடி பிடிச்சப்போ ஆவ் ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட். பையன் டாக்டர் ஆகணும்ங்கிறது அவர் அப்பாவோட ஆசை. அந்த அப்பா டைஃபாய்டுல இறந்துட்டார். 1942-ல கல்கத்தா கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்தார். அடுத்த வருஷம் மோகன் பகான். அனாடமி, ஃபிசியாலஜி ஒரு பக்கம், மைதானம் இன்னொரு பக்கம். 1950-ல எம்பிபிஎஸ் முடிச்சார். ஒரு இன்டர்னல் தேர்வுக்கே கை நடுங்கின நம்மளை நினைச்சுப் பாருங்க, டாக்டர் நண்பர்களே.

15. முடிச்சதும் என்ன பண்ணார்? பெரிய கிளப்பு, பெரிய ஊர், பேர் புகழ் எல்லாம் கையில இருந்தது. அவர் வடகிழக்குக்கே திரும்பிப் போனார். முதல்ல திப்ருகர். அப்புறம் 1953-ல கோஹிமாவுல உதவி சிவில் சர்ஜன், அரசு வேலை. பின்னாடி நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநர். 1978-ல ஓய்வு. 1998-ல காலமானார். சுதந்திர இந்தியாவோட முதல் ஃபுட்பால் கேப்டன் வாழ்நாள் முழுக்க ஒரு கவர்மென்ட் டாக்டர். கார்மைக்கேல் காலேஜ்ங்கிற பேரை மட்டும் மறக்காதீங்க. திரும்ப வரும்.

16. அதே ஒலிம்பிக்ஸ், 12 நாள் கழிச்சு, 1948 ஆகஸ்ட் 12. வெம்ப்ளி மைதானம், ஹாக்கி ஃபைனல். யாரை அடிமையா இருந்தோமோ அவங்க ஊர்லயே, கிரேட் பிரிட்டனை 4-0-ன்னு ஜெயிச்சோம். பல்பீர் சிங் 2 கோல். பக்கத்து கோவில்பட்டிக்காரங்க ஊரை "ஹாக்கிபட்டி"ன்னு பெருமையா சொல்லிப்பாங்க. இந்தத் தேதி அவங்களுக்கு மனப்பாடமா இருக்கும்.

17. இந்த இடத்துல ஒரு வாட்ஸ்அப் கதையை முடிச்சு வைப்போம். "பூட்ஸ் போடலன்னு ஃபிஃபா தடை போட்டுச்சு, அதனாலதான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகல." இது உண்மையில்ல. அந்த டீம்ல போயிருக்க வேண்டிய சைலேன் மன்னாவே அதை மறுத்திருக்கார். அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம் அன்னைக்குச் சொன்ன காரணம், டீம் தேர்வுல கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரம் போதாது. அடியில இருந்த காரணம், அன்னைக்கு அவங்க கண்ணுக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெருசு, உலகக் கோப்பை பெருசாத் தெரியல.

18. வெறுங்கால் ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வெச்சது தடை இல்ல, ஒரு தோல்வி. 1952 ஜூலை 15, ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ். குளிர். எதிர்ல யூகோஸ்லாவியா. 10-1. ஊர் திரும்பினதும் பூட்ஸ் கட்டாயம் ஆச்சு. 1911-ல பெருமையா இருந்த ஒண்ணை 41 வருஷம் கழிச்சு விட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. விட்டுக் கொடுத்ததுல தப்பில்ல. அதுக்கப்புறம் 10 வருஷம் நம்ம ஃபுட்பாலோட உச்சம்.

19. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம். 1960 ஆகஸ்ட் கடைசியில ரோம் ஒலிம்பிக்ஸ்ல பிரான்ஸோட 1-1 டிரா. ஒலிம்பிக் ஃபுட்பால்ல இந்தியா ஆடினது அந்த ரோம் ஒலிம்பிக்ஸ்தான் கடைசி. இந்தக் காலகட்டம் முழுக்க டீமை வளர்த்தவர் ஹைதராபாத் வாத்தியார் சையது அப்துல் ரஹீம். "மைதான்" படம் பார்த்தவங்களுக்குப் பேர் தெரிஞ்சிருக்கும். படத்துக்கு வெளிய இருக்கிற கதையும் கனமானது.

20. மூணாவது தேதி: 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா, ஆசிய விளையாட்டுப் போட்டி, ஃபைனல். இந்தியா - தென்கொரியா. முதல் மேட்ச்ல இதே கொரியா நம்மளை 2-0-ன்னு அடிச்சிருந்தது. அப்புறம் தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம்னு ஒவ்வொண்ணா ஜெயிச்சு ஃபைனல் வந்தாங்க. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காதது பத்தி இந்திய அதிகாரி ஒருத்தர் பேசப் போய், ஊரே இந்தியாவுக்கு எதிரா கொதிச்சிட்டு இருந்தது. ஸ்டேடியம் முழுக்க எதிர்க் கூச்சல்.

21. ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் அறிக்கையா வெளியிட்டது அதே 1962 மார்ச்லதான். மனுஷனுக்கு சிடி ஸ்கேன் எடுக்க ஆரம்பிச்சது 1971-ல. இன்னைக்கு நாம சாதாரணமா எழுதுற மருந்துகள் பலதும் அப்போ கிடையாது. அந்த நோயோட, அந்தக் கூச்சல் நடுவுல, அவர் டீமை நடத்திட்டு இருந்தார்.

22. ஜர்னைல் சிங்குக்கு தாய்லாந்து மேட்ச்ல தலையில அடி, 6 தையல். அவர் டிஃபெண்டர். தலையில தையலோட திரும்பத் திரும்ப பந்தை முட்ட வைக்க முடியாதுன்னு ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாத்தினார். செமிஃபைனல்லயும் கோல், ஃபைனல்லயும் கோல். டாக்டரா சொல்றேன், தயவு செஞ்சு இதை யாரும் பின்பற்றாதீங்க. தலையில அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பம் வந்தா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது, நேரா ஆஸ்பத்திரி. கன்கஷனுக்குத் தனி சப்ஸ்டிட்யூட் விதியே இப்போ இருக்கு. அன்னைக்கு அதெல்லாம் இல்ல.

23. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சல்ல படுத்து, சில மேட்ச் வெளிய இருந்தவர். ஃபைனலுக்கு ரஹீம் அவரையே நிறுத்தினார். ஆறடிக்கு மேல உயரம், கொரியாக்காரங்க தூக்கிப் போடுற கிராஸ்களுக்கு அந்த உயரம் வேணும். பி.கே. பானர்ஜி ஒண்ணு, ஜர்னைல் ஒண்ணு. 2-1. தங்கம். ஸ்டேடியத்துல நமக்காகக் கத்தினது பாகிஸ்தான் ஹாக்கி டீம்தான்னு அந்த வீரர்கள் பின்னாடி நினைவு கூர்ந்திருக்காங்க. 9 மாசம் கழிச்சு, 1963 ஜூன் 11, ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டு ஃபுட்பால் தங்கம் அதுக்கப்புறம் நமக்கு வரவே இல்ல.

24. தங்கராஜ்கிட்ட இன்னும் கொஞ்சம் நிப்போம், ஏன்னா அவர் கதை நம்ம ஊர்ப்பக்கம் வருது. ஹைதராபாத்ல பிறந்தவர். நீலகிரி வெலிங்டன்ல இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர்ல சேர்ந்தார். அது வரைக்கும் சென்டர் ஃபார்வர்டு. அங்கதான் கோல்கீப்பர் ஆனார். அந்த ரெஜிமென்ட் டீம் 1955-லயும் 1958-லயும் டூரண்ட் கோப்பையை ஜெயிச்சது. ஊட்டி மலையில பயிற்சி எடுத்த ஒரு டீம், நாட்டோட பழைய கோப்பையை ரெண்டு தடவை தூக்கியிருக்கு. ஊட்டிக்கு டூர் போறவங்க எத்தனை பேருக்குத் தெரியும்?

25. அது என்ன டூரண்ட்? ஆசியாவுலயே பழமையான ஃபுட்பால் போட்டி. 1888-ல சிம்லா பக்கம் ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் மார்ட்டிமர் டூரண்ட். ஆமா, ஆப்கானிஸ்தான் எல்லை "டூரண்ட் கோடு" போட்ட அதே ஆள். உடம்பு சரியில்லாம சிம்லாவுல தேறிட்டு இருந்தப்போ, உடல்நலத்துக்கு விளையாட்டு அவசியம்னு தோணி கோப்பை கொடுத்தார்னு சொல்வாங்க. இங்கிலாந்தோட ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சதும் அதே 1888, செப்டம்பர் 8. அந்த ஃபுட்பால் லீக்குக்கும் இந்தக் கோப்பைக்கும் ஒரே வயசு.

26. 52 வருஷம் வெள்ளைக்கார டீம்கள் கையிலயே இருந்தது. 1940-ல கோப்பை டெல்லிக்கு வந்தது. அந்த வருஷம் முகமதன் ஸ்போர்டிங் அதை ஜெயிச்ச முதல் இந்திய டீம் ஆச்சு. டெல்லி நாட்கள்ல அது குளிர்காலப் போட்டி. இப்ப சில வருஷமா ஜூலை கடைசியிலயோ ஆகஸ்ட்லயோ ஆரம்பிச்சு, ஐரோப்பா சீசன் சூடு பிடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுது. ராணுவம் நடத்துற போட்டி. ராணுவ டீம்களும் பெரிய கிளப்புகளும் ஒரே குரூப்ல ஆடும். சென்னையின் எஃப்சியும் ஆடியிருக்கு. ஒரே சமயத்துல 3 கோப்பை கொடுக்கிற போட்டி இது: டூரண்ட் கோப்பை, சிம்லா டிராஃபி, பிரசிடென்ட்ஸ் கப்.

27. இனி எழுத சிரமமான பகுதி. 2024 ஆகஸ்ட் 9. கல்கத்தாவுல ஒரு அரசு மெடிக்கல் காலேஜ்ல, நீண்ட டியூட்டிக்கு நடுவுல ஓய்வெடுக்கப் போன ஒரு பெண் பயிற்சி டாக்டர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். காலேஜ் பேர் ஆர்.ஜி. கர். அதோட பழைய பேர் கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜ். டாலிமெரன் ஆவ் படிச்ச அதே காலேஜ்.

28. ஆகஸ்ட் 17, ஐஎம்ஏ நாடு முழுக்க 24 மணி நேரம் பணி நிறுத்தம். அடுத்த நாள், ஆகஸ்ட் 18, ஞாயிறு. டூரண்ட் கோப்பையில மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மேட்ச் கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல நடக்க வேண்டியது. பாதுகாப்புக்கு போலீஸ் இல்லன்னு மேட்ச்சை ரத்து பண்ணிட்டாங்க. ஆளுக்கு ஒரு பாயிண்ட்.

29. மேட்ச் இல்ல. ஆனா ரசிகர்கள் வந்தாங்க. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் சேர்ந்து நிக்கிறது என்னன்னு தெரியணும்னா, ரெண்டு தலைமுறையா பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க ஒரே பந்தியில உட்கார்றதை நினைச்சுக்கோங்க. அவங்க கூட முகமதன் ஸ்போர்டிங் ரசிகர்களும். மூணு கொடியும் ஒண்ணா. ஒரே கோஷம், அந்த டாக்டருக்கு நீதி வேணும். கூட்டம் கூடத் தடை போட்டிருந்தாங்க, தடியடி நடந்தது, பிடிச்சு வண்டியில ஏத்தினாங்க. அப்பவும் கலைஞ்சு கலைஞ்சு திரும்ப வந்தாங்க.

30. நைட் டியூட்டி பார்க்கிற ஒவ்வொரு அரசு டாக்டருக்கும், முக்கியமா என் கூட வேலை பார்க்கிற பெண் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், அந்த ஆகஸ்ட் மறக்காது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கான்னு பார்த்துட்டு உட்கார்ற பழக்கம் நிறைய பேருக்கு வந்தது. அந்த நேரத்துல நமக்காகத் தெருவுல நின்னவங்கள்ல, பந்து பார்க்க டிக்கெட் வாங்கின சாதாரண ஜனங்களும் இருந்தாங்க. ஃபுட்பால் ரசிகன்னா ராத்திரி கத்திட்டு அலையிற ஆளுன்னு இனிமே யாராவது சொன்னா, இந்தத் தேதியை எடுத்துச் சொல்லுங்க.

31. அந்த டூரண்ட் எப்படி முடிஞ்சது? 2024 ஆகஸ்ட் 31, அதே கல்கத்தாவுல ஃபைனல். மோகன் பகான் 2-0 முன்னிலை. எதிர் டீம் 2-2 ஆக்கி, பெனால்டியில 4-3-ன்னு ஜெயிச்சது. அந்த டீம் நார்த்ஈஸ்ட் யுனைடெட். நாகாலாந்து உட்பட வடகிழக்கு மாநிலங்கள் எட்டுக்கும் பொதுவான, குவாஹாட்டி கிளப். அவங்களோட முதல் பெரிய கோப்பை. 2025-லயும் அவங்கதான், ஃபைனல்ல 6-1. ஆவ் வாத்தியங்களோட ஊருக்குத் திரும்பிப் போய் ஊசியும் ஸ்டெதஸ்கோப்பும் பிடிச்ச அந்த மண்ணோட டீம், அவரோட பழைய கிளப்பையே அடிச்சுக் கோப்பையைக் கொண்டு போச்சு.

32. ஐரோப்பா ஃபுட்பால் பார்க்காதீங்கன்னு சொல்ல வரல. நானும் பார்ப்பேன். சனிக்கிழமை நம்ம நேரம் 5 மணி, 7.30, 10 மணின்னு மேட்ச் வரிசையா வரும்போது டியூட்டி இல்லாம இருந்தா அது வரம். ஆனா ஆர்சனலோட பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவன் பேர் வரை தெரிஞ்ச ஒரு பையனுக்கு, வெலிங்டன்ல கிளவுஸ் மாட்டின தங்கராஜைத் தெரியலன்னா தப்பு அவன் மேல இல்ல. யாரும் அவனுக்குச் சொல்லல. அவ்வளவுதான்.

33. ஆக, "அது வரைக்கும் எதைப் பார்க்கிறது?"ன்னு கேட்டவங்களுக்கு காலண்டர்:
ஜூலை 29 - 1911, வெறுங்கால் வெற்றி.
ஜூலை 31 - 1948, மெடிக்கல் ஸ்டூடன்ட் கேப்டன்.
ஆகஸ்ட் 12 - 1948, வெம்ப்ளி ஹாக்கி தங்கம்.
ஆகஸ்ட் 18 - 2024, நடக்காத மேட்ச்.
ஆகஸ்ட் 29 - தியான் சந்த் பிறந்தநாள், தேசிய விளையாட்டு தினம்.
செப்டம்பர் 4 - 1962, ஜகார்த்தா.
இதுக்கு நடுவுல டூரண்ட் மேட்ச்கள். குறைஞ்சது ஒரு ராணுவ டீம் ஆடுற மேட்ச்சும், ஒரு நார்த்ஈஸ்ட் மேட்ச்சும் பாருங்க.

34. கடைசியா டாக்டர் பேச்சு கொஞ்சம். ஆடிக் காத்துல மைதானத்துக்குப் போய் ஆடுங்க. வெறுங்கால்ல ஆடினா முள்ளோ கண்ணாடியோ குத்தினதும் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு, டிடி ஊசி எப்போ போட்டதுன்னு பார்த்துட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க, இலவசம்தான். சர்க்கரை இருக்கிறவங்க வெறுங்கால்ல இறங்கவே வேண்டாம். 1911-ல அந்த 10 பேருக்குக் கிடைக்காத ஊசி இன்னைக்கு நம்ம ஊர்ல எல்லாருக்கும் இருக்கு. வீணாக்காதீங்க.

35. உங்க வீட்டுல, தெருவுல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது இருந்தா, அந்தக் காலத்து ரெஜிமென்ட் ஃபுட்பால் பத்திக் கேட்டு கமென்ட்ல எழுதுங்க. அதெல்லாம் எழுதி வைக்கலன்னா அவங்களோடயே போயிடும்.